கிடுகும் கெர்ரோனும்

ஒரு மொழியிலுள்ள சொற்களுட் சில, அரசர் பெயரையும் போர்களின் பெயரையும் போல வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. அவை வேலியோரத்திலும் கூரையடியிலும் கிடந்து, நாள்தோறும் வழங்கப்படுகின்ற காரணத்தினாலேயே எவராலும் உற்றுநோக்கப்படாது போகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வழங்கும் கிடுகு என்னும் சொல் அத்தகையது. தென்னோலையைப் பின்னி, வேலி அடைப்பதற்கும் கூரை வேய்வதற்கும் பயன்படுத்தும் பொருளுக்கு அது பெயர். தமிழ்நாட்டார் கீற்று என வழங்கும் அப்பொருளை யாழ்ப்பாணத்தார் கிடுகு என்றே கூறுவர். ஆயின் சங்கச் செய்யுளைக் கற்கப் புகும் மாணவன் இச்சொல்லைப் போர்வீரரின் நடுவே காண்கின்றான். அங்கே அது கேடயம். அகராதியைப் புரட்டுவோன் தேரின் மரச்சுற்று என மூன்றாவதொரு பொருளையும் காண்கின்றான். ஒரே சொல் வேலியாகவும் கேடயமாகவும் தேருறுப்பாகவும் நிற்பது எங்ஙனம்?

இவ்வினா தமிழுக்கு மட்டும் உரியதன்று. பண்டைக் கிரேக்க மொழியிலும் இதனை ஒத்த ஒரு சொல் உண்டு. கெர்ரோன் என்பது அச்சொல். பன்மையிற் கெர்ரா என வரும். வளாரினாலோ நாணலினாலோ பின்னப்பட்ட எப்பொருளுக்கும் அது பொதுப்பெயர். எனினும், கிரேக்க நூல்களில் அது வரும் இடங்களை ஒருங்கு வைத்து நோக்கின், ஓரிடத்திற் கேடயமாகவும், பிறிதோரிடத்தில் மறிப்பு வேலியாகவும், சந்தைத் தட்டியாகவும், மற்றோரிடத்தில் வண்டியின் உடலாகவும் அது நிற்கக் காணலாம். கிடுகின் பொருள்களும் கெர்ரோனின் பொருள்களும் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று ஏறக்குறையப் பொருந்துகின்றன. இப்பொருத்தம் எதனைக் காட்டுகின்றது, எதனைக் காட்டவில்லை என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

முதலிற் கேடயம் என்னும் பொருளை நோக்குவோம். கி.மு. 5ஆம் நூற்றாண்டினரான ஹெரோடோட்டஸ், பாரசீகப் பேரரசன் ஸெர்க்ஸஸ் கிரேக்க நாட்டின்மேற் படையெடுத்த காலத்து, அவன் சேனையிலிருந்த ஒவ்வோர் இனத்தாரின் உடையையும் படைக்கலத்தையும் வரிசைப்படுத்திக் கூறுகின்றார். பாரசீகர் கிரேக்கரைப் போன்று கனத்த கேடயம் ஏந்தாது அதற்குப் பதிலாகக் கெர்ராவை ஏந்தினர் என்பதும், குறுவேலும் நெடுவில்லும் நாணல் அம்பும் உடையராயிருந்தனர் என்பதும் அவர் தரும் செய்தி. கி.மு. 401இல் பாரசீக இளவரசன் சைரஸின் கூலிப்படையிற் சேர்ந்து சென்ற செனபோன், கெர்ரா ஏந்திய வீரரைத் தனியொரு படைப்பிரிவாகக் குறிப்பிடுகின்றார். சைரஸ் போரில் மடிந்தபின், கிரேக்க வீரர் மலைநாடுகளினூடே தாயகம் நோக்கித் திரும்பினர். அவர்கள் கருங்கடலைக் கண்டு ஆரவாரிப்பதற்குச் சற்று முன்னர், மயிர் நீக்காத பச்சை எருத்துத்தோல் போர்த்த கெர்ரா ஏறக்குறைய இருபதைப் பகைவரிடமிருந்து கைப்பற்றினர் என்றும் அவர் எழுதியுள்ளார். ஆகவே, உள்ளே பின்னல், புறத்தே தோல் என்பது அக்கேடயங்களின் அமைப்பு எனத் தெளியலாம்.

இவ்வமைப்பை ஒத்த கேடயம் மண்ணுள்ளிருந்தும் வெளிப்பட்டிருக்கின்றது. யூப்பிரட்டீஸ் நதிக்கரையிலுள்ள டுரா யூரோப்பஸ் என்னும் பாழ்நகரிலே, கி.பி. 3ஆம் நூற்றாண்டின் முற்றுகையைச் சார்ந்த நீள்சதுரக் கேடயம் ஒன்று கிடைத்தது. பச்சைத்தோலில் நிரையாகத் துளையிட்டு, அத்துளைகளிலே மெல்லிய கழிகளைக் கோத்து அது செய்யப்பட்டிருந்தது. ஈரத்தோல் உலருங்கால் இறுகிக் கழிகளைப் பற்றிக்கொள்ளும். இரும்பும் வெண்கலமும் வேண்டாமலே, எடை குறைந்த, அம்பைத் தடுக்கவல்ல ஒரு பலகை இவ்வாறு உருவாகும்.

இனி, கேடயம் வேலியாகும் இடத்தைக் காண்க. கி.மு. 479இல் பிளாட்டியா என்னுமிடத்தே பாரசீகரும் ஸ்பார்த்தரும் எதிர்ப்பட்டனர். அப்பொழுது பாரசீகர் தம் கெர்ராவை நிலத்தில் நிரையாக நிறுத்தி அரண் செய்து, அதன் பின்னே நின்று எண்ணிறந்த அம்புகளை எய்தனர் என்று ஹெரோடோட்டஸ் கூறுவர். அவர் அவ்விடத்து ஆளும் வினைச்சொல் வேலியடைத்தலைக் குறிப்பது. முதலிற் கெர்ராவைச் சூழ்ந்தே போர் நிகழ்ந்தது. அவை சாய்ந்தபின்னர் நெருங்கிய கைப்போர் மூண்டது. கவசமற்ற பாரசீகர் கனத்த கவசம் பூண்ட ஸ்பார்த்தர்முன் நிற்கலாற்றாது வீழ்ந்தனர். அதே ஆண்டில் மிக்கலே என்னுமிடத்து நடந்த போரிலும் பாரசீகர் கெர்ராவை அடுக்கித் தமக்கு மதிலாக்கினர். ஒருவன் கையில் ஏந்தும்பொழுது கேடயம். பலர் நிரைத்து நிறுத்தும்பொழுது வேலி. பொருள் ஒன்றே, அது நிற்கும் நிலைதான் வேறு.

போர்க்களத்தினின்றும் நகரத்துக்கு வருவோம். கி.மு. 339ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது மக்கெதோனிய அரசன் பிலிப்பு எலத்தேயா நகரைக் கைப்பற்றிவிட்டான் என்னும் செய்தி ஏதென்ஸ் நகரத்தை அடைந்தது. ஒன்பது ஆண்டுகளின் பின்னர் நிகழ்த்திய புகழ்பெற்ற சொற்பொழிவில் டெமொஸ்தனிஸ் அம்மாலையை வருணிக்கின்றார். உணவருந்திக்கொண்டிருந்த ஆட்சிக் குழுவினர் இடையே எழுந்தனர். சிலர் சந்தைவெளியிலே கடைவைத்திருந்தோரை அகற்றிக் கெர்ராவுக்குத் தீயிட்டனர். ஏனையோர் தளபதிகளை அழைத்து, எக்காளம் ஊதுவோனைக் கூப்பிட்டனர். இங்கே கெர்ரா என்பன சந்தைக் கடைகளை மறைத்து நின்ற பின்னல் தட்டிகள். அவற்றை எரித்தது கூட்டத்துக்கு இடம் ஒழிப்பதற்கோ, நாட்டுப்புறத்தாருக்கு அடையாளம் காட்டுவதற்கோ என்பது பற்றி அறிஞர் மாறுபடுவர். எப்படியாயினும், ஒரு நகரத்தின் அச்சம் அதன் சந்தைத் தட்டிகள் எரிந்த வெளிச்சத்திலே வரலாற்றிற் பதிந்துவிட்டது.

டெமொஸ்தனிஸின் பெயரால் வழங்கும் பிறிதொரு வழக்குரையிலும் இச்சொல் வருகின்றது. அவ்வுரையை இயற்றியவர் அப்பொல்லோடோரஸ் என்பது இக்காலத்தார் துணிபு. வேற்றூரான் ஒருவனுக்கு ஏதென்ஸ் நகரக் குடியுரிமை வழங்குவதாயின், ஆறாயிரம் குடிகளுக்குக் குறையாதோர் மறைவாக வாக்களித்தல் வேண்டும் என்பது அந்நகரச் சட்டம். வேற்றூரார் உள்ளே வருமுன்னரும், கெர்ரா அகற்றப்படுமுன்னரும் அவ்வாக்குக் கொள்ளப்படல் வேண்டும் என்று அவ்வுரை கூறுகின்றது. ஈண்டுக் கெர்ரா என்பன குடிகளையும் வேற்றாரையும் பிரிக்கும் மறிப்பு வேலி. யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்மானிக்கும் வேளையில் நகரத்தார் தம்மைச் சுற்றி நிறுத்திய எல்லை, கல்லினாலன்று, பின்னலினால் ஆயது.

வண்டியைப் பற்றிய சான்று ஸ்திராபோ என்னும் புவிநூலாரிடம் உள்ளது. வடபுலத்துக் கிம்பிரி மக்களைப் பற்றி எழுதும் அவர், அம்மக்கள் போர்புரியும்போது அவர்தம் பூசைப்பெண்டிர் வண்டிகளின் கெர்ராமேல் இழுத்துக் கட்டிய தோல்களை அறைந்து பேரொலி எழுப்புவர் என்கின்றார். பின்னிய வண்டியுடலும் அதன்மேற் போர்த்த தோலும் கூடி முழவாகிவிட்டன. கேடயத்திற் கண்ட அதே அமைப்பே வண்டியிலும் அமைந்தமை கருதத்தக்கது.

கிரேக்கரிடமிருந்து இச்சொல் இலத்தீனுக்கும் சென்றது. அங்கே கெர்ரே என்பது வெற்றுப்பேச்சு, பயனற்ற பொருள் என்னும் கருத்தில் வழங்கிற்று. ஏதென்ஸ் படையினர் சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரை முற்றுகையிட்டபோது மீண்டும் மீண்டும் கெர்ரா வேண்டுமென்று கேட்டனர் என்றும், அதைக் கேட்ட நகரத்தார் அச்சொல்லையே கூவி நகையாடினர் என்றும், அதனால் அது இப்பொருள் பெற்றது என்றும் பெஸ்தஸ் என்னும் இலத்தீன் அகராதிக்காரர் விளக்குவர். கதை மெய்யோ பொய்யோ, பின்னலாலாய பொருளை மதில்முன் நிற்போர் எளிதாக எண்ணினர் என்பது இதனாற் புலனாகும்.

இனித் தமிழுக்கு வருவோம். சங்கத் தொகையுள் ஒன்றாகிய பத்துப்பாட்டில் இரு பாட்டுக்கள் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதன. ஒன்று பட்டினப்பாலை, கரிகாற் சோழனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் குடியிருப்பை வருணிக்கும் புலவர், குறுகிய கூரைகளிலே நெடிய தூண்டிற்கோல்கள் சார்த்தப்பட்டிருக்கும் காட்சிக்கு ஓர் உவமை கூறுகின்றார். போரில் வீழ்ந்த வீரனுக்கு எடுத்த நடுகல்லைச் சூழக் கிடுகுகளை நிரைத்து, வேல்களை ஊன்றி அமைத்த அரண் போன்றது அக்குடியிருப்பு என்பதே அவ்வுவமை. தூண்டிற்கோலுக்கு வேல் உவமை ஆயின், கூரைக்குக் கிடுகு உவமையாகின்றது. கேடயத்தையும் குடிசைக் கூரையையும் ஒரு கண்ணாற் காணும் பார்வை அன்றே தமிழ்ப் புலவரிடம் இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மற்றையது நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு. 103 அடிகளேயுடைய இச்சிறு பாட்டின் நடுவே ஒரு பாசறை காட்டப்படுகின்றது. காட்டிலுள்ள புதர்களை அழித்து, முள்ளினால் மதில் வளைத்து, தழை வேய்ந்த கூரைகள் தெருவாக நிற்க, வீரர் தங்குகின்றனர். அப்பாசறையுள் வேல்களை நிலத்தில் ஊன்றிக் கிடுகுகளை நிரைத்து, வில்லாலாய அரணை அமைக்கின்றனர். பிளாட்டியாவிற் பாரசீகர் செய்தது யாதோ அதனையே தமிழ்வீரரும் செய்தனர். இரு மொழியிலும் கேடயம் வேலியாகும் செயல் ஒன்றே.

இவ்விரு பாட்டுக்களிலும் கிடுகு எப்பொருளாற் செய்யப்பட்டது என்னும் விவரம் கூறப்படவில்லை. ஆதலின், அது பின்னலாலாயது என்று சங்கச் செய்யுளைக் கொண்டே நிறுவுதல் இயலாது. தோல் என்னும் சொல்லே தமிழிற் கேடயத்துக்கும் பெயராய் வழங்கியதால், தோல் அதிற் பெரும்பங்கு கொண்டிருந்தது எனலாம். பிரம்பினாற் பின்னிய கேடயம் இந்திய நாட்டுக்குப் புதிதன்று. வடகிழக்கில் நாகர் மலைநாட்டவர் அத்தகைய கேடயங்களை அண்மைக்காலம் வரை கைக்கொண்டனர். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, பின்னிய ஓலை, கேடயம், தேரின் மரச்சுற்று ஆகிய பொருள்களை ஒரே சொல்லின்கீழ் அடுக்கித் தருகின்றது. இவையனைத்துக்கும் பொதுவாய் நிற்பது, ஒருவனைச் சுற்றியோ ஒருவனுக்கு முன்னாகவோ நின்று மறைக்கும் இலேசான தட்டி என்னும் கருத்தே.

இவ்விடத்தில் ஆர்வம் மிக்க மாணவன் ஒரு முடிவுக்குத் தாவக்கூடும். கிரேக்கர் தமிழகம் வந்தவர். அவர்களையே யவனர் எனச் சங்க நூல்கள் கூறுகின்றன. முல்லைப்பாட்டில் கிடுகு நிரைத்த அதே பாசறையிலே யவனரும் அரசனுக்குக் காவலராய் நிற்கின்றனர். ஆதலாற் கிடுகும் கெர்ரோனும் ஒரு வழிப்பிறந்த சொற்கள் என்று அவன் எண்ணலாம். யவனர் வாணிகம் கட்டுக்கதையன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வு அதனை உறுதிப்படுத்தியது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கந்தரோடையில் உரோம நாணயங்கள் கிடைத்தமையை 1917ஆம் ஆண்டையடுத்துப் போல் பீரிஸ் அறிவித்தார். எனினும், மக்கள் கலந்தனர் என்பது கொண்டு ஒவ்வொரு சொல்லும் கலந்தது எனத் துணிதல் ஆராய்ச்சியாகாது.

சொற்கடன் எவ்வாறிருக்கும் என்பதை அதே முல்லைப்பாட்டே காட்டுகின்றது. அப்பாசறையில் நிற்கும் யவனர் இடையிலே மத்திகை வளைந்து கிடக்கின்றது. மத்திகை என்பது குதிரைச் சவுக்கு. கிரேக்க மொழியில் சவுக்கின் பெயர் மஸ்டிக்ஸ். வேற்றுமையேற்குங்கால் மஸ்டிக என நிற்கும். மத்திகை அதன் வழிவந்தது என்பது அறிஞர் பலர் கொள்கை. அங்கே ஒலி பொருந்துகின்றது, பொருள் பொருந்துகின்றது, சொல்லுக்குரிய மக்களும் அச்செய்யுளிலேயே நிற்கின்றனர். கிடுகு, கெர்ரோன் என்னும் இரண்டினிடத்தோ பொருள் மட்டுமே பொருந்துகின்றது. முதலெழுத்தின் சிறு ஒற்றுமையன்றி ஒலியில் வேறு பொருத்தம் இல்லை. இதிலிருந்து அது பிறந்தது எனக் காட்டும் இடைநிலை வடிவமும் இல்லை. ஒரே பாட்டில், ஒரே பாசறையில், அடுத்தடுத்து நிற்கும் இரு சொற்களுள் ஒன்று கடல்கடந்து வந்ததெனக் கொள்ளத்தக்கது, மற்றையது இந்நாட்டது. பொருளொப்புமையை உறவெனக் கொள்ளும் வழக்கத்தை விடாதவரை, சொல்லாராய்ச்சி விளையாட்டாகவே முடியும்.

அங்ஙனமாயின் பொருள்கள் இவ்வளவு பொருந்தியது ஏன்? விடை சொல்லில் இல்லை; பொருளிலே உள்ளது. மலிந்து கிடைக்கும் ஓலையையோ வளாரையோ குறுக்கும் நெடுக்கும் கோத்தால் வலிமை பிறக்கின்றது. தனியே முறியும் ஈர்க்கும் தனியே கிழியும் ஓலையும் ஒன்றையொன்று பற்றும்பொழுது காற்றைத் தடுக்கின்றன, கண்ணை மறைக்கின்றன, ஓரளவு அம்பையும் தாங்குகின்றன. அதனை எளிதிற் சுமக்கலாம், எளிதில் நிறுத்தலாம், பழுதுபடின் எளிதில் மாற்றலாம். ஆதலின் பாசறைவீரனும் சந்தை வாணிகனும் வண்டியிற் செல்வோனும் பரதவனும் அதனையே நாடினர். ஜெர்மன் மொழியிற் சுவரின் பெயராகிய வான்ட் என்னும் சொல், முறுக்குதல், சுற்றுதல் என்னும் பொருளுடைய வினையோடு உறவுடையது. பின்னிய வளாரின்மேல் மண் அப்பியே அந்நாட்டார் முற்காலத்திற் சுவரெடுத்தனர். மூன்று நாட்டாரும் ஒருவரிடம் ஒருவர் கற்றிலர். மூவரும் ஒரே தேவையினிடம் கற்றனர்.

யாழ்ப்பாணத்துக் கிடுகின் தொழிலை நோக்குவோர்க்கு இஃது இன்னும் தெளிவாகும். தென்னோலையை நீரில் ஊறவைத்து, நடுமட்டையை நெடுகப் பிளந்து, ஒவ்வொரு பாதியிலும் உள்ள இலைகளை ஒன்றன்மேல் ஒன்றும் ஒன்றன்கீழ் ஒன்றுமாக மாற்றிப் பின்னுவர். ஈரத்திற் பின்னியது உலர்ந்தபின் இறுகும்; பாரசீகரின் பச்சைத்தோற் கேடயம் இறுகியதும் இம்முறையே. வேலி அடைக்குமிடத்துப் பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டி, கிடுகுகளை ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து, ஒருவர் உள்ளும் ஒருவர் புறமுமாக நின்று குத்தூசியாற் கயிறு வாங்கிக் கட்டுவர். ஒருவர் தனியே கட்டுதற்கு அரிய வேலை அது. மாரிமழையில் நைந்த கிடுகு அடுத்த அடைப்பிற் கழிக்கப்படும். கதியால் தளிர்த்து மரமாகும். மதில் ஒருமுறை எடுத்தாற் பல தலைமுறை நிற்கும். கிடுகுவேலியோ மனிதர் கூடி மீண்டும் மீண்டும் அடைத்தாலன்றி நில்லாது.

அவ்வேலியின் உள்ளே ஒரு வாழ்க்கை அமைந்திருந்தது. கிணற்றடியும் அடுப்படியும் அயலார் கண்ணுக்கு மறைந்திருந்தன. முன்வாயிலிற் படலை நின்றது. வசதியுடையோர் கூரை வேய்ந்த சங்கடப்படலை அமைத்தனர். வழிப்போக்கர் அதன் நிழலில் இளைப்பாறினர். பக்கத்து வளவுக்குச் செல்ல வேலியிற் பொட்டு விடப்பட்டது. அதனூடே நெருப்பும் கறியும் செய்தியும் சென்றன. வேலி அடைக்கும்போது பொட்டையும் சேர்த்து அடைத்துவிட்டால், இரு வீட்டாருக்கும் மனத்தாங்கல் என்பதை ஊர் அறியும். கதியால் ஒரு சாண் நகர்ந்ததென்று நீதிமன்றம் ஏறிய உறவினர் யாழ்ப்பாணத்திற் பலர். வேலிக்கு ஓணான் சாட்சி என்னும் பழமொழி அவ்வழக்குகளைக் கண்டோர்க்கு விளக்கம் வேண்டாதது.

காப்பது எதுவோ அதுவே விலக்கவும் செய்யும். ஏதென்ஸ் நகரத்துக் கெர்ரா குடிகளையும் வேற்றாரையும் பிரித்தன. வாக்கு முடிந்ததும் அவை எடுக்கப்பட்டன. யாழ்ப்பாணத்திலோ ஓலையாலாய வேலிக்குப் பின்னே கண்ணுக்குத் தெரியாத வேறொரு வேலியும் நின்றது. சாதியின் பெயரால் ஒருசாரார் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் அணுகவொட்டாது தடுக்கப்பட்டனர். அவ்வேலி ஆண்டுதோறும் அடைக்க வேண்டாமலே நிலைத்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அத்தகைய தடையைக் குற்றமாக்கியது. எனினும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் சத்தியாக்கிரகம் செய்ய நேர்ந்தமை, சட்டம் விலக்கிய வேலியை மனம் விலக்கவில்லை என்பதைக் காட்டிற்று. கிடுகைப் பற்றி எழுதுவோர் அதன் நிழலை மட்டும் பாடி இவ்விலக்கத்தை மறைப்பாராயின், அது வரலாறாகாது.

பின்வந்த போர்க்காலத்தில் இச்சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் ஒருசேரச் சோதனைக்குட்பட்டன. 1990இன் பின்னர் வடபுலத்துக்குச் சீமெந்து முதலிய பொருள்கள் செல்வது தடைசெய்யப்பட்டபோது, கல்வீடு கட்ட இயலாதோர்க்குக் கிடுகே கூரையும் சுவரும் ஆயிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாம மக்கள் இலட்சக்கணக்கிற் புறப்பட்டுத் தென்மராட்சியிலும் அதற்கப்பாலும் தஞ்சம் புகுந்தனர். அவர்களுட் பலர் தங்கிய கொட்டில்கள் ஓலையாலானவை. பாசறையின் தழைக்கூரை வீரர்க்கு அமைந்தது. இக்கூரை வீடிழந்த குடிகளுக்கு அமைந்தது. ஆயினும் எறிகணைக்கு முன் கிடுகு கேடயமாகவில்லை. பனங்குற்றிகளை அடுக்கி மண்மூடை இட்ட பதுங்குகுழிகளையே மக்கள் நாடினர். அதற்காகப் பனைகள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன. பிளாட்டியாவிற் கெர்ரா சாய்ந்தபின் பாரசீகர் கண்ட உண்மை இதுவே: பின்னல் எளிய பகையைத் தடுக்கும், கனத்த பகையைத் தடுக்காது.

இக்காலத்தில் யாழ்ப்பாணத் தெருக்களிற் கிடுகுவேலி அருகி வருகின்றது. சீமெந்து மதிலும் தகரமும் அதனிடத்தைப் பெற்றுள்ளன. ஓலை பின்னுவோர் கூலியும் ஆண்டுதோறும் அடைக்கும் செலவும் நோக்குங்கால், மதில் எழுப்புவோரைக் குறைகூற இடமில்லை. செங்கை ஆழியான் தம் நாவல் ஒன்றுக்குக் கிடுகுவேலி என்றே பெயரிட்டார். வேலி நகரும் காலத்திற் சொல் நூலின் அட்டையில் ஏறி நிலைபெற்றது. ஆயினும், பொருள் மறைந்தபின் சொல் நெடுங்காலம் தனித்து வாழாது. கேடயம் என்னும் பொருளிற் கிடுகு பேச்சுவழக்கினின்றும் மறைந்து செய்யுளில் மட்டும் எஞ்சியது. தேருறுப்பு என்னும் பொருள் அகராதியில் மட்டும் எஞ்சியது. வேலியும் மறையுமாயின் மூன்றாம் பொருளுக்கும் அந்நிலையே நேரும். அப்பொழுது பட்டினப்பாலையைப் படிக்கும் மாணவனுக்கு, பரதவர் கூரையைக் கிடுகோடு ஒப்பிட்ட புலவரின் கண் புலனாகாது; உரையாசிரியர் தரும் பொருள் மட்டும் கிடைக்கும்.

ஆதலின் இப்பகுதி ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க பணி ஒன்று உளது. கதியால், வரிச்சு, குத்தூசி, பொட்டு, படலை, செத்தை, அலம்பல் முதலாகக் கிடுகோடு சேர்ந்து வழங்கும் சொற்கள் பல. இவற்றின் பொருளை அறிந்த முதியோர் இன்னும் ஊர்தோறும் உளர். ஓலை பின்னும் கை எவ்வாறு இயங்குகின்றது, எவ்வூரில் எச்சொல் வழங்குகின்றது என்பவற்றை அவர்களிடம் கேட்டு எழுதிவைத்தல் பெருஞ்செலவு வேண்டாத ஆராய்ச்சி. சங்கச் செய்யுளுக்கு உரைகாண்பதற்கு ஏட்டுச்சுவடி எவ்வளவு வேண்டுமோ, வேலியடைப்போர் வாய்மொழியும் அவ்வளவு வேண்டும். கிரேக்கச் சொல்லை ஆராய்வோர்க்குப் பழம்நூலும் மண்ணுள் அகழ்ந்த பொருளும் மட்டுமே துணை. கெர்ரோன் பின்னிய கைகளிடம் கேட்டறிதல் அவர்க்கு இயலாது. கிடுகை ஆராய்வோர்க்கு அந்த வாய்ப்பு இன்னும் உளது.